அவசரத்தின் முகத்துண்டு

என் சகலைக்கு வாய் கொஞ்சம் பெரிசு. மாமனார் வீட்டில் கூடத்து நடுவில் கைவைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. மூத்த மாப்பிள்ளை என்பதால் அதில் அவர்தான் உட்காருவார். எனக்கு முக்காலி. அதில் ஒரு கால் ஆடும். அவர் குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறவர். பெண் குதிரைகளோடு சேர்ப்பதற்காக வைத்திருக்கும் பொலிகுதிரைகள் அவர் பொறுப்பு. நான் பந்தய லாயத்தில் குதிரைக்காரன். "நாங்க பிறக்க வச்சு, வளர்த்து அனுப்புறோம். நீங்க ஓட விட்டு வேடிக்கை பாக்குறீங்க, அவ்வளவுதானே சகலை?" என்பார். வீடே சிரிக்கும். என் மனைவியும் சிரிப்பாள். அதுதான் எனக்கு ஆறாது.

பன்னிரண்டு வருஷம் அந்த முக்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு எங்கள் லாயத்துக்கு அவசரம் வந்தான்.

பந்தயப் புத்தகத்தில் அவனுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. பயிற்சியாளரே மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்வார். லாயத்தில் நான் வைத்த பெயர் அவசரம். தீவனத்தை அவசரமாகத் தின்பான், தண்ணீரை அவசரமாகக் குடிப்பான், தாழ்ப்பாளை முழுசாக நகர்த்துவதற்குள் மார்பால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். இரண்டு வயசு. செம்பழுப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் காலுறை போட்ட மாதிரி வெள்ளை. குள்ளம்தான், ஆனால் பின்பக்கம் அகலம். வேகமெல்லாம் அங்கேதான் இருக்கும். அவன் பிறந்தது வேறொரு பண்ணையில், சகலையின் பண்ணையில் அல்ல. அதில் எனக்குத் தனியாக ஒரு திருப்தி.

முதல் பந்தயத்தில் மானத்தை வாங்கினான். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவோம் இல்லையா, அங்கே முன்னால் ஒரு பெண் குதிரை போய்க்கொண்டிருந்தது. இவன் கனைக்கிறான், இரண்டு காலில் நிற்கிறான், கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு போகிறான். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தான். பயிற்சியாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இதற்கு மருந்து எல்லா லாயத்திலும் உண்டு. பந்தய நாளில் ஆண் குதிரையின் மூக்கில் தலைவலித் தைலம் தடவிவிடுவோம். பெண் குதிரையின் வாசனை ஏறாது, கவனம் ஓட்டத்தில் நிற்கும். சின்னப் பிள்ளைதானே, இவனுக்கு எதற்கு என்று நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன். இரண்டாவது பந்தயத்துக்கு என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் தைல டப்பாவைத் திறந்து, இரண்டு விரல் எடுத்து இரண்டு நாசியிலும் தடவினேன். வழிந்ததை ஒரு பச்சைத் துண்டால் துடைத்தேன். ஆயிரம் மீட்டர் ஓட்டம். நான்கு குதிரை நீளம் முன்னால் வந்தான்.

அதன் பிறகு அவன் ஓடிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதே டப்பா, அதே பச்சைத் துண்டு. டப்பாவைத் திறக்கும்போதே காது நிமிரும். கழுத்தில் நரம்பு புடைக்கும், தரையில் கால் பாவாது. பதினாறு ஓட்டங்களில் பதின்மூன்று வெற்றி. ஆயிரத்து இருநூறு மீட்டரை ஒரு நிமிஷம் ஒன்பது நொடியில் முடித்தான். அதற்கு மேல் நீண்ட ஓட்டத்தில் விட்டால் பாதியில் மூச்சு போய்விடும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் அவனை முந்த ஒரு குதிரையும் கிடையாது. தொடர்ந்து இரண்டு வருஷம் குறுந்தூர ஓட்டத்தின் சாம்பியன் அவன்தான்.

பத்திரிகையில் படம் வந்தது. முதலாளியம்மா கோப்பையோடு, பயிற்சியாளர் தொப்பியோடு, ஜாக்கி குதிரை மேல். கயிற்றைப் பிடித்திருந்த என்னை ஓரத்தில் வெட்டிவிட்டார்கள், மணிக்கட்டு வரைக்கும் கைதான் இருந்தது. இருந்தாலும் மாமனார் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"கை நல்லா விழுந்திருக்கு, சகலை" என்றார்.

மறுபடியும் வீடு சிரித்தது. ஆனால் அவர் படத்தைத் திருப்பித் தர நேரமானது. குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் பொறாமை இருந்ததைக் கண்டுகொண்டேன். அன்றைக்கு முக்காலி ஆடியதே எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வயசில் அவசரத்துக்கு முன்னங்கால் தசைநார் போய்விட்டது. காலைப் பயிற்சி முடிந்து கட்டுத்துணியை அவிழ்த்தபோது முழங்காலுக்குக் கீழே சூடாகப் புடைத்திருந்தது. டாக்டர் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இனி ஓட்டம் இல்லை, பொலிக்கு அனுப்பலாம் என்றார் முதலாளியம்மா. கூட நானும் போகிறேன் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். வாழ்நாளில் நான் வாய்திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

"பண்ணையில ஆள் இருக்குய்யா. நல்ல அனுபவமான ஆளாம்" என்றார்.

எந்தப் பண்ணை, எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

வண்டியோடு சகலையே வந்தார். புதுச்சட்டை, வாயெல்லாம் பல். பெண் பார்க்க வந்தவர் மாதிரி லாயத்துக்குள் நடந்தார். அவசரத்தின் கழுத்தை உரிமையாகத் தட்டினார். அவன் தலையை ஆட்டிக் கையை உதறுவான் என்று எதிர்பார்த்தேன். உதறவில்லை. எனக்குக் காதில் புகை வந்தது.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். பச்சைத் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"சகலை, இவனை எந்த வேலைக்கு வெளியில கூட்டிட்டுப் போனாலும், முதல்ல இந்தத் துண்டால மூஞ்சியைத் துடைச்சு விடுங்க. மூக்குக்கிட்ட நல்லா அழுத்தி. இல்லன்னா அடங்க மாட்டான்."

அப்படி ஒன்றும் கிடையாது. வாயில் வந்த பொய். மூன்று வருஷம் என் கையில் கிடந்த துண்டு, அதில் இருப்பது என் வாசனை என்று நினைத்தேன். அந்த மனுஷன் எத்தனை தடவிக் கொடுத்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் என் வாசனையை முகர்ந்துவிட்டுத்தான் அவன் வெளியே போக வேண்டும். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சகலை துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டு அன்றைக்கே சாக்கடைக்குப் போயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த நான்கு மாசம் என் வீட்டிலேயே எனக்கு எதிரி இருந்தாள். மனைவியும் அவள் அக்காவும் தினமும் போனில் பேசுவார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே செய்தி வாசிப்பாள். "மாமா சீட்டியடிச்சா மைதானத்துக்கு அந்தக் கோடியில இருந்து ஓடி வர்றானாம்." இன்னொரு நாள், "மாமா தோள்ல தலையை வச்சுத் தூங்குறானாம்." குதிரை நின்றுகொண்டே தூங்கும், தோளில் எல்லாம் தலை வைக்காது என்றேன். "உங்க தோள்ல வைக்கலன்னு சொல்லுங்க" என்றாள். சட்டியை நான் கொஞ்சம் ஓங்கி வைத்ததில் கைப்பிடி கழன்றுவிட்டது.

பிறகு ஒரு மத்தியானம் சகலையே போன் பண்ணினார். குரலில் அந்தப் பெரிய மாப்பிள்ளைத்தனம் இல்லை.

"சகலை, பையன் சரியில்ல. பெண் குதிரைக்கிட்ட கூட்டிட்டுப் போனா திரும்பியே பாக்க மாட்டேங்குறான். அந்தக் கொட்டகைக்குள்ள போனதும் உடம்பெல்லாம் வேர்க்குது, கதவுப் பக்கமே இழுக்குறான். டாக்டர் எல்லாம் சோதிச்சுட்டார், உடம்புல குறை இல்லையாம். இந்த வாரத்துக்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா குதிரையைத் தள்ளிவிடப் போறோம்னு மேனேஜர் சொல்றார். நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன். உங்களை அவனுக்குத் தெரியும்."

"ஏங்க, யாருக்கோ என்னமோ ஆச்சுங்கற மாதிரி பேசுறீங்க, ஆனா சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை விட்டுப் போனதால் அவனுக்கு மனசு சரியில்லை. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? பையில் துணி அடைக்கும்போதுதான் அந்தத் 'தள்ளிவிடப் போறோம்' உறைத்தது. கால் போன குதிரை, பொலிக்கும் ஆகாத குதிரை. அதை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆறு மணி நேரம் பஸ். தலை வெடித்தது. தைலத்தை நெற்றியில் அப்பிக்கொண்டே போய் இறங்கினேன். சகலை வாசலிலேயே காத்திருந்தார், இளைத்திருந்தார். நேரே அவசரத்தின் அறைக்குப் போனோம். நான் கையை நீட்டினேன். அவன் முகர்ந்தான். அவ்வளவுதான், காது நிமிர்ந்தது, கழுத்து வளைந்தது, தரையைக் காலால் பறித்துக்கொண்டு லாயம் அதிரக் கனைத்தான். பக்கத்து அறைக் குதிரைகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

"துண்டால துடைக்கும்போது கொஞ்சம் துள்ளுவான், ஆனா எங்க யாருக்கும் இவ்வளவு பண்ணினதில்ல" என்றார் சகலை, மெதுவாக.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே அந்த அறைக்குப் பக்கத்தில் இருந்த ஆள் தங்கும் அறையை நோட்டம் விட்டேன். கட்டில், ஜன்னல், ஒரு மின்விசிறி. என் கையால் மட்டும்தான் இவன் வேலை செய்வான் என்று ஆகிவிட்டால் அந்த அறை என்னுடையது. சகலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பட்டும். முக்காலியில் அவர் உட்காரும் அழகை மனசுக்குள் ஒருமுறை பார்த்தும் விட்டேன்.

மறுநாள் காலை கொட்டகை. பெண் குதிரை தயாரா என்று பார்க்க முதலில் ஒரு சாதாரண ஆண் குதிரையைக் கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். அது கனைக்கும், ஆசைப்படும். பெண் குதிரை சம்மதம் காட்டியதும் அதைத் திருப்பிக் கூட்டிப் போய்விடுவார்கள். பெரிய குதிரை வரும். அதன் வேலை அவ்வளவுதான், வருஷம் பூராவும். அந்தக் குதிரையைப் பார்த்தபோது எனக்கு ஏதோ நெருங்கிய சொந்தத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு நான் அவசரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆளுக்கு ஆள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவசரம் பெண் குதிரையைப் பார்க்கவே இல்லை. வேர்த்தான், குதித்தான், வாசலைப் பார்த்தே இழுத்தான். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தேடுகிற மாதிரி இருந்தது. சாயங்காலம் மறுபடி முயன்றோம். அதே கதை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில கடைசி. அப்புறம் அந்தப் பெண் குதிரைகளை வேற பண்ணைக்கு அனுப்பிடுவேன். இவனையும் லாரியில ஏத்திடுவேன்" என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் அவசரத்தின் அறைக்கு வந்தேன். வெளியே ஒரு பெட்டியின் மேல் சகலை உட்கார்ந்திருந்தார். மடியில் என் பச்சைத் துண்டு. சாக்கடைக்குப் போகவில்லை. துவைக்காமல், கிழிந்த ஓரத்தைத் தைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு புது தைல டப்பா. என்னுடைய அதே டப்பா. இரண்டு விரலால் எடுத்து, துண்டின் நடுவில் கவனமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வாசனை போய்க்கிட்டே இருந்துச்சு சகலை. இதே டப்பாவைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். நீங்க சொன்னதிலிருந்து ஒரு நாள் விட்டதில்ல. துடைக்காம அவனை வெளியில எடுக்கவே மாட்டேன்."

தைலம். மூன்று வருஷமாக அந்த வாசனை மூக்கில் ஏறினால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: பெண் குதிரை கிடையாது, ஓட்டம் உண்டு. நான்தான் கற்றுக்கொடுத்தேன். பத்தாததற்குப் பெண் குதிரையின் வாசனையே ஏறாதபடி மூக்கையும் அடைத்துவிட்டு, என்னடா நீ ஆண்பிள்ளையா என்று எல்லோரும் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் சொன்ன ஒரு பொய்யை அந்த வாயாடி மனுஷன் நான்கு மாசமாக வேதவாக்காக எடுத்துச் செய்திருக்கிறார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனசு வேறு கணக்குப் போட்டது. துண்டை ஒதுக்கிவிட்டு, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, நானே கூட்டிப் போனால் காரியம் நடந்துவிடும். ஏன் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. என் கை ராசி என்பார்கள். கட்டில், ஜன்னல், மின்விசிறி.

"இன்னிக்குத் துண்டு வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்று அதை வாங்கி என் பைக்குள் திணித்தேன். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். நெற்றியைத் தேய்த்தேன். சட்டையை மாற்றினேன். மறுபடி முகர்ந்து பார்த்து மறுபடி கழுவினேன். ஈரத்துணியால் அவசரத்தின் மூக்கையும் துடைக்கலாம் என்று ஒரு புதுத்துணியை நனைத்து எடுத்துக்கொண்டு அவன் அறைக்குள் போனேன்.

அவசரம் தீவனம் தின்றுகொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். தெரிந்தவனைப் பார்க்கிற பார்வைதான், குறை சொல்ல முடியாது. பார்த்துவிட்டுத் தீவனத்துக்குத் திரும்பிவிட்டான்.

கையை நீட்டினேன். முகர்ந்தான். சோப்பு வாசனை. காது நிமிரவில்லை, கால் பறிக்கவில்லை, கனைப்பு இல்லை. முந்தாநாள் லாயம் அதிரக் கனைத்தது எனக்காக இல்லை. டப்பாவுக்காக. பதினாறு பந்தயத்திலும் என்னைப் பார்த்துத் துள்ளுகிறான் என்று நான் பூரித்துப்போனது எல்லாமே டப்பாவுக்காகத்தான்.

பின்னால் சகலை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். சீட்டிகூட அடிக்கவில்லை, செருப்புச் சத்தம்தான் கேட்டிருக்கும். அவசரம் வாய் நிறையத் தீவனத்தோடு என்னைத் தாண்டி அவரிடம் போனான். அவர் தோளில் தாடையை வைத்து மென்றான். மனைவி பொய் சொல்லவில்லை.

நனைத்த துணியையும் கயிற்றையும் சகலையிடம் கொடுத்தேன்.

"மூக்கைத் தண்ணியில நல்லாத் துடைச்சுட்டு நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் வரல. உங்க கையையும் கழுவிடுங்க."

"ஏன் சகலை?"

சொன்னேன். தைலம் எதற்கு என்பதையும், நான் சொன்னது பொய் என்பதையும், ஏன் சொன்னேன் என்பதையும். கடைசியைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குதிரையின் வெள்ளைக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சகலை கையிலிருந்த கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓடுற குதிரைக்குத் தைலம் வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "துண்டுல அந்த வாசனை வந்தப்ப எனக்கும் ஒரு சந்தேகம் தட்டுச்சு. ஆனா அவனை வளர்த்தவர் நீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

கொட்டகைக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே கனைப்புக் கேட்டது. வேறு மாதிரிக் கனைப்பு, நான் அவனிடம் கேட்டறியாதது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் பேசும் சத்தமும் மேனேஜரின் சிரிப்பும் கேட்டன. அவசரம் பிழைத்துவிட்டான். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் வயிறு எரிவதும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

மேனேஜர் வெளியே வந்து, "என்னய்யா செஞ்சீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"எல்லாம் இவர்தான் சார். வந்து ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுட்டார். ஓடுன குதிரையை ஓட விட்டவருக்குத்தான் சார் தெரியும்."

மேனேஜர் என் கையைக் குலுக்கினார். அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே போனது. திரும்பி வரும் பஸ்ஸில் ஆறு மணி நேரமும் அதை நினைத்தே எரிந்தேன். தலைவலிக்குத் தைலம் தடவவும் மனசு வரவில்லை.

அந்தப் பருவத்தில் அவசரத்துக்கு முப்பத்தொரு பெண் குதிரைகள் சினையாயின. மூன்று வருஷம் கழித்து அவனுடைய முதல் பிள்ளைகளில் ஒருவன் எங்கள் லாயத்துக்கு வந்தான். அதே செம்பழுப்பு, அதே அகலமான பின்பக்கம், வெள்ளை மட்டும் முன்னங்காலில். வண்டியில் சகலைதான் கூட்டிவந்தார். பிறந்த அன்றே அவர் கையில் விழுந்தவனாம், பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாராம். குட்டி தன் புது அறைக்குள் நுழைந்ததும் திரும்பி அவரைப் பார்த்துக் கத்தினான். கிளம்ப வேண்டியவர் கிளம்பாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை புதுச்சட்டை இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஒருநாளாவது உமக்கும் எரியட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். மறைப்பானேன், இனித்தது.

"சகலை" என்றார் கதவை விடாமல். "தண்ணி வாளியை இவனுக்கு வலப்பக்கம்தான் வைக்கணும். இடப்பக்கம் வச்சா குடிக்க மாட்டான். அப்புறம், கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தட்டணும். நான் அப்படித்தான் தட்டுவேன்."

குட்டி அப்போதே இடப்பக்க வாளியில் மூக்கை விட்டு உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தான். இருவரும் பார்த்தோம். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

"சரி சகலை" என்றேன்.

அவர் வண்டி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் நின்றேன். பிறகு கதவை இரண்டு தடவை தட்டிவிட்டு உள்ளே போய், வாளியைத் தூக்கி வலப்பக்கம் வைத்தேன்.